கால் தெரியாத ஆட்டம்



ஜாசின் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியம்மா நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பேத்தி தமிழ்ப்பள்ளிக் கலைவிழாவில் ஆடினாளாம். மண்டபத்துக்குப் படி ஏற வேண்டும், இவருக்கு மூட்டுவலி, அதனால் போகவில்லை. வீடியோக்காரர் கொடுத்த பென்டிரைவைப் பிறகு டிவியில் செருகிக் குடும்பமே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. "புள்ள மூஞ்சி நல்லா தெரியுதுங்க ஐயா. காலுதான் ஒரு எடத்துலயும் தெரியல. அந்தச் சலங்கைக்கு எவ்ளோ அலைஞ்சோம் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தை அலுவலகத்தில் வாய்விட்டுப் படித்தோம். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒவ்வொருவராக, "எங்கள் வீட்டிலும் இதே கதைதான்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவரின் மகன் கோயில் திருவிழாவில் கரகம் ஆடியிருக்கிறான். வீடியோவில் பையனின் நெற்றி முதல் தாடை வரை இருக்கிறது, கரகம் இல்லை. தலைமேல் கரகம் நிற்பதுதானே வித்தை? அதை விட்டுவிட்டு அவன் வியர்வையைப் படம் பிடித்து என்ன பயன்?

நம் மலாக்காவில் மேடை ஆட்டத்துக்குக் குறைவில்லை. மெர்லிமாவ், டுரியான் துங்கல், அலோர் காஜா, புலாவ் செபாங் என்று எந்த ஊரை எடுத்தாலும் பள்ளி ஆண்டுவிழா, கோயில் கலை இரவு, பொங்கல் ஒன்றுகூடல், நடன வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சி என ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. இவற்றில் ஒன்றாவது படம் பிடிக்காமல் நடக்கிறதா? காசு கொடுத்து அழைத்த வீடியோக்காரர் ஒருவர், ஃபேஸ்புக் லைவ் போடும் இளைஞர் ஒருவர், அது போக மண்டபம் நிறையக் கைப்பேசிகள். இத்தனை பேர் எடுத்தும் ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்க்க முடியவில்லை என்றால் கோளாறு எங்கே?

படம் பிடிப்பதையே குறை சொல்கிறவர்களும் நம்மில் உண்டு. "நேரில் பார்க்க வேண்டியதைத் திரையில் பார்ப்பதா, அதில் என்ன உயிர் இருக்கும்?" என்பார்கள். அவர்கள் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நேரில் பார்க்க முடியாதவர்கள் யார் யார் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் நிற்கும் அப்பா. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பஸ் பிடித்து வரும் அக்கா. டயாலிசிஸ் நாள் தவறக்கூடாத மாமா. படி ஏற முடியாத பாட்டி. நம் குடும்பங்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் அந்தப் பென்டிரைவும் புலனத்தில் வரும் காணொளியும்தான் முன்வரிசை நாற்காலி.

படம் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது நம் மாநிலத்தில்தான். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ஆரம்பித்து, அடுத்து புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் இங்கே பால் மரம் சீவினார்கள். தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயிலும் திருவிழாவுக்கு ஒரு மேடையும் இருந்தன. ராஜா ராணி வேஷம் கட்டினார்கள், கோலாட்டம் போட்டார்கள், கும்மியடித்தார்கள், காமன் கூத்து நடத்தினார்கள். அதையெல்லாம் இப்போது எங்கே போய்ப் பார்ப்பது? பல தோட்டங்கள் செம்பனைக்கும் தாமானுக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறிவிட்டன. ஆடியவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். சிலர் வீட்டில் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றிரண்டு இருக்கும். அசையும் படம் அபூர்வம். அந்தக் காலத்தில் யாராவது ஒரு கேமராவைத் திடலில் ஓட விட்டிருந்தால், அது எவ்வளவு மட்டமான படமாக இருந்தாலும் இன்று நமக்குப் பொக்கிஷம்.

திடல் என்றதும் தோட்டத்துப் படக்காட்சி நினைவுக்கு வராதவர் உண்டா? இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி. இந்தப் பக்கம் இடம் கிடைக்காதவர்கள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, இடது வலது மாறிய எம்.ஜி.ஆரைப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தத் துணியில் பத்மினி ஆடியதைப் பார்த்து, அடுத்த தீபாவளிக்குத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் மேடையில் ஆடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாட்டியம் சொல்லிக்கொடுக்க டீச்சர் ஏது? திரைதான் டீச்சர். ஆக, திரையைப் பார்த்து மேடை கற்றது. இப்போது மேடையைத் திரை எடுத்து வைக்கிறது.

தமிழ்ப்படம் பேச ஆரம்பித்த நாள் முதலே நடனத்துக்கும் திரைக்கும் இந்த உறவு இருக்கிறது. 1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானபோது, டி.பி.ராஜலட்சுமியின் குறத்தி நடனமும் சேர்த்தே காட்டப்பட்டது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜனங்கள் ஆட்டம் பார்க்க விரும்பினார்கள், போட்டார்கள். 1947-இல் ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' வந்தது. அதில் குமாரி கமலா ஆடியதைப் பார்த்துத் தங்கள் பெண்ணையும் பரத வகுப்பில் சேர்த்த குடும்பங்கள் எத்தனையோ. சபா வாசலை மிதிக்காத வீடுகளுக்குள் பரதத்தைக் கொண்டுபோனது சினிமா. இதை மறந்துவிட்டு, "படம் பிடித்தால் கலை கெடும்" என்று ஒரே போடாகப் போடுவது சரியாகாது.

முழுக்க முழுக்க நடனத்துக்காகவே ஒருவர் படம் எடுத்ததும் உண்டு. உதய் சங்கர், உலக மேடைகளில் பேர் வாங்கியவர். தன் ஆட்டங்களை எல்லாம் ஒரு கதைக்குள் கோத்து, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' எடுத்தார். 1948-இல் வெளியானது. நம்முடைய பத்மினி, சின்னப் பெண்ணாக, முதலில் திரையில் தோன்றியது அந்தப் படத்தில்தான். வசூலில் படம் தோல்வி. உதய் சங்கர் அதன் பிறகு வேறு படமே இயக்கவில்லை. ஆனால் அவர் நடனத்தை அமைத்த விதத்தை, அவரே ஆடி, அவரே இயக்கிக் காட்டிய ஒரே சாட்சி இன்று அந்தப் படம்தான். புதுப்பித்த பிரதியை 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அவரோடு அதில் ஆடிய மனைவி அமலா சங்கர் தொண்ணூறு வயதைத் தாண்டியவராக அங்கே வந்து உட்கார்ந்து பார்த்தார். வசூலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இந்தப் படம் எடுத்திருக்கவே கூடாது, இல்லையா?

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இன்னொரு படத்தை. 1976-இல் இயக்குநர் சத்யஜித் ரே, பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த 'பாலா'. அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்தன. ரே அந்த அம்மையாரை முதலில் பார்த்தது 1935-இல், கல்கத்தாவில், தன் பதினான்காம் வயதில். படம் எடுக்கும்போது பாலசரஸ்வதிக்கு வயது 58. இளமையில் எடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எல்லாருக்கும் உண்டு. எடுக்காமலே விடுவதைவிட இந்த வயதிலாவது எடுத்தது மேல் என்ற பொருளில் ரேயே சொல்லியிருக்கிறார்.

அந்தப் படத்தில் பாலசரஸ்வதி இரண்டு இடத்தில் நீண்ட நேரம் ஆடுகிறார். ஒன்று, கண்ணனை அழைக்கும் கன்னடப் பதம். அதை ரே கடற்கரையில் எடுத்தார். அலை அடிக்கிறது, காற்றில் புடவையும் கூந்தலும் பறக்கின்றன. குழந்தையைக் கூப்பிடும் கை எவ்வளவு நுட்பமாக அசைகிறது என்று கண் வைத்துப் பார்ப்பதற்குள் முந்தானை வந்து மறைக்கிறது. அபிநயத்துக்குப் பேர்போனவர் ஆடும்போது நமக்குக் கடல் எதற்கு? ரசிகர்கள் சிலர் இதைக் குறையாகச் சொன்னதுண்டு. எனக்கும் அதே குறைதான். இன்னொன்று, வர்ணம். அதற்குக் கடல் இல்லை, காற்று இல்லை. பாட்டு, தாளம், அவர். கேமரா பொறுமையாக நிற்கிறது. உருவம் முழுசாகத் தெரிகிறது. கால் எங்கே விழுகிறது, கண் எங்கே போகிறது, இரண்டுக்கும் நடுவே கை என்ன சொல்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடிகிறது.

ஒரே இயக்குநர், ஒரே கலைஞர், ஒரே படம். அலங்காரம் சேர்த்த இடத்தில் ஆட்டம் தவறிப்போனது, சும்மா நின்று பார்த்த இடத்தில் ஆட்டம் கிடைத்தது. ரே மாதிரி ஒரு மேதைக்கே அப்படி என்றால், நம் வீடியோக்காரத் தம்பி ஸ்லோமோஷனும் பூ உதிரும் எஃபெக்டும் போடும்போது என்ன ஆகும்?

பாட்டியம்மாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். படம் பிடித்ததால் ஆட்டம் கெடவில்லை. பொறுமை இல்லாமல் படம் பிடித்ததால் கெட்டது. மூன்று விநாடிக்கு மேல் ஒரே காட்சி நின்றால் பார்க்கிறவர்களுக்கு அலுத்துவிடும் என்று யாரோ நம் எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அது மெய்தானா? 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' 1958-இல் வந்த படம். அதில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனத்தை இன்றைக்கும் கைப்பேசியில் போட்டுப் பார்க்கிறோம். ஹீராலால் அமைத்தது. பி.எஸ்.வீரப்பாவின் அந்த 'சபாஷ்' தெரியாத தமிழன் இல்லை. அதில் இருவரும் தலை முதல் கால் வரை தெரிகிறார்களா இல்லையா, அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். ஹாலிவுட்டில் ஃபிரெட் அஸ்டேர் 1930-களிலேயே ஒரு கறாரான விதி வைத்திருந்தார். ஆடும்போது முழு உருவமும் திரையில் இருக்க வேண்டும், முடிந்தவரை வெட்டாமல் எடுக்க வேண்டும். முகத்துக்குத் தாவுவதோ, பார்வையாளர் கைதட்டுவதைக் காட்டுவதோ அவருக்குப் பிடிக்காது. அந்த ஆட்டங்களைப் பார்த்து யாரும் கொட்டாவி விட்டதாகத் தெரியவில்லை.

"தில்லானா மோகனாம்பாளில் முகத்தைத்தானே காட்டினார்கள்?" என்று நீங்கள் மடக்கலாம். காட்டினார்கள். பத்மினி ஆட, தூணுக்குப் பின்னால் சிவாஜி ஒளிந்து பார்க்க, அவர் முகம், இவர் முகம், பக்கவாத்தியக்காரர் முகம் என்று மாறி மாறி வரும். அங்கே கதை ஓடுகிறது. அவர் வந்திருப்பது இவளுக்குத் தெரிந்துவிட்டதா என்பதுதான் அந்த இடத்தின் சுவாரசியம். நம் தமிழ்ப்பள்ளி மேடையில் தூணுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆட்டமேதான் கதை. அதை வெட்டி, நடுவில் பிரமுகர் கைதட்டுவதைச் செருகினால் மிஞ்சுவது என்ன? கல்யாணப் பந்தியில் அப்பளத்தை மட்டும் பரிமாறிவிட்டு அனுப்புகிற மாதிரி.

டிவி நடனப் போட்டிகள் நம்மைப் பழக்கிவிட்டன என்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு 'மானாட மயிலாட', நம் ஆஸ்ட்ரோவின் 'ஆட்டம் நூறு வகை' ஆகியவற்றை வீட்டோடு உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே நாம். இவற்றின் நல்லதை மறைக்க வேண்டாம். மேடைக்கு வர வாய்ப்பே இல்லாத பிள்ளைகள் வந்தார்கள். "நம்ம ஊர்ப் பையன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ஆனால் அந்த நிகழ்ச்சிகளில் ஆட்டத்துக்கு நடுவே நடுவர் வாயைப் பிளப்பதும், அம்மா கண்ணைத் துடைப்பதும், ஒரே குட்டிக்கரணம் மூன்று முறை திரும்ப வருவதும் வழக்கம். அது போட்டி நிகழ்ச்சி, பதற்றம் வேண்டும், செய்கிறார்கள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு அந்தப் பாணி எதற்கு?

நட்சத்திரக் கலைவிழாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்திய நடிகர் சங்கம் 2002-இல் இங்கே வந்தது, 2018 ஜனவரி 6-இல் மறுபடி புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்தது. மலாக்காவிலிருந்து வேன் பிடித்துப் போனவர்களும் உண்டு. அவ்வளவு பெரிய அரங்கில் தூரத்து இருக்கையில் உட்கார்ந்தால் மேடையில் ஆடுகிறவர் விரல் அளவுதான் தெரிவார். பக்கத்திலிருக்கும் ராட்சதத் திரையைத்தான் பார்க்க வேண்டும். டிக்கெட் எடுத்து நேரில் போயும் பார்த்தது படம்தான்! நேர், திரை என்ற எல்லை நாம் நினைக்கும் அளவுக்குத் தெளிவாக இல்லை.

சரி, நம் மண்டபத்துக்கு வருவோம். பின்னல் கோலாட்டம் தெரியும்தானே? மேலிருந்து வண்ணக் கயிறுகள் தொங்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வெளியே என்று மாறி மாறிச் சுற்ற, மேலே ஜடை மாதிரி பின்னல் விழுந்துகொண்டே வரும். பிறகு எதிர்த்திசையில் ஆடி அவிழ்ப்பார்கள். ஒரு பிள்ளை ஓர் அடி தவறினால் பின்னல் சிக்கிவிடும். இந்த ஆட்டத்தின் அழகு முழுக்கப் பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கிறது. மேடைக்குக் கீழே நின்று ஒரு குழந்தையின் சிரிப்பை மட்டும் எடுத்தால், அவள் எதற்குச் சுற்றுகிறாள் என்பதே படத்தில் இருக்காது. கும்மியும் வட்டம்தான். முன்னாலிருந்து எடுத்தால் பாதிப் பேருடைய முதுகுதான் தெரியும். மண்டபத்தில் பால்கனி இருந்தால் கேமராவை அங்கே ஏற்றுங்கள். இல்லையென்றால் பின்வரிசையில் ஒரு மேஜைமேல் முக்காலியை நிறுத்துங்கள்.

இப்படிப் பின்னால் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, யாரும் சொல்வதில்லை. சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கேமரா இருந்தால், சலங்கைச் சத்தம் அங்கே வந்து சேர ஏறக்குறைய ஒரு விநாடியில் பதினொன்றில் ஒரு பங்கு ஆகும். மெதுவான ஆட்டத்தில் தெரியாது. பரதத்தின் தீர்மானத்தில், ஜதிக்குக் கால் வேகமாக விழும்போது, கால் முந்தும், சத்தம் பிந்தும். பார்க்கிறவருக்கு "பிள்ளை தாளம் தப்புகிறாளே" என்று தோன்றும். பாவம், அவள் சரியாகத்தான் ஆடியிருப்பாள்! பி.ஏ. சிஸ்டத்திலிருந்து ஒரு வயரை நேரே கேமராவுக்குக் கொடுத்தால் இது தீரும். சலங்கையும் நட்டுவாங்கமும் மைக்கில் விழவில்லை என்றால், ஒரு கைப்பேசியை மேடை ஓரத்தில் ஒலிப்பதிவுக்கு வைத்துவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எல்.ஈ.டி. திரை இன்னொரு தொல்லை. மேடைக்குப் பின்னால் அருவி கொட்டுகிறது, மயில் பறக்கிறது, நெருப்பு எரிகிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா தன் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். முன்னால் ஆடும் பிள்ளைகள் நிழல் உருவமாகிவிடுவார்கள். உடைக்கும் ஒப்பனைக்கும் அப்பா அம்மா கொடுத்த வெள்ளி எல்லாம் இருட்டில் போச்சு. பின்திரையைக் கறுப்பாகவோ மங்கலாகவோ வையுங்கள் என்று ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள். காசும் மிச்சம்.

முகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்றவர்களுக்கு முகம் பார்க்காமல் முடியுமா? அதற்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 'ஹாமில்டன்' என்ற பேர்போன மேடை நாடகத்தை 2016-இல் படமாக்கினார்கள். ரசிகர்கள் நிறைந்த காட்சிகளைத் தனியாக எடுத்தார்கள். ஆளில்லாத அரங்கில் சில பகுதிகளை மறுபடி ஆடச் சொல்லி, கேமராவை மேடைக்கே கொண்டுபோய்க் கிட்டக் காட்சிகளை எடுத்தார்கள். நாமும் இதைச் செய்யலாமே? உடை போட்டு ஒத்திகை பார்க்கும் நாளில் மேடையேறி முகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஒருவர் கைப்பேசியில் எடுத்தாலே போதும், கைப்பேசியைப் படுக்கை வாக்கில் பிடித்தால் சரி. விழா நாளில் ஒரே ஒரு கேமரா, பின்னால், அசையாமல். கோலாலம்பூரில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், ரம்லி இப்ராஹிமின் சூத்ரா மாதிரிப் பெரிய குழுக்களுக்கு ஒளிக்கு ஓர் ஆள், ஒலிக்கு ஓர் ஆள் இருப்பார்கள். நம் ஊர் நடன டீச்சருக்கு அவரே ஒளி, அவரே ஒலி, ஊக்கு குத்துகிறவரும் அவரே. அவருக்கு இந்தச் சின்ன உதவியையாவது பெற்றோர் ஆசிரியர் சங்கம் செய்யலாம்.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினிமாப் பாட்டுக்கு ஆடினால் குற்றமில்லை. தோட்டத்து மேடையே சினிமா பார்த்துத்தானே வளர்ந்தது. ஆனால் அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றினால் என்ன ஆகிறது? பாட்டின் உரிமை யாரிடம் என்பதை அது தானாகவே கண்டுபிடித்துவிடும். சில சமயம் சத்தத்தை அணைத்துவிடும், சில சமயம் வீடியோவையே தடுத்துவிடும். ஊமைப் படத்தில் பிள்ளைகள் குதிப்பதைப் பார்க்க நன்றாகவா இருக்கிறது? உறுமியும் தப்பும் நம்மவர்களே வாசித்து, நம் பெரியவர்களுக்குத் தெரிந்த கும்மிப் பாட்டைப் பிள்ளைகளே பாடினால், சத்தத்தை அணைக்க யார் வரப்போகிறார்கள்? செங் சன்னாசிமலைக்கு மாசி மகத்தன்று காவடியோடு போகும்போது கேட்கும் உறுமிக்கு எந்த ஒலிநாடா நிறுவனத்திடம் அனுமதி கேட்டார்கள்?

இனிச் சொல்லப்போவது சிலருக்கு உறுத்தலாம். பெண்பிள்ளைகள் ஆடும்போது மேடைக்கு அடியில், கீழிருந்து மேல்நோக்கிக் கேமரா வைக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு வைக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், அந்த இடம்தான் காலியாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோணத்தில் பத்து வயதுப் பிள்ளை எப்படித் தெரிகிறாள் என்று ஒரு தாயாக, ஒரு தகப்பனாக யோசியுங்கள். அந்தத் துண்டு டிக்டாக்கில் போகிறது. யார் பார்க்கிறார்கள், கீழே என்ன எழுதுகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. வகுப்பறையில் எடுத்த புகைப்படம் என்றால் பெற்றோரின் சம்மதம் கேட்கிறோம். மேடைக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை? முழு நிகழ்ச்சியையும் குடும்பங்களுக்குப் பென்டிரைவிலோ, முகவரி தெரிந்தவர்கள் மட்டும் திறக்கிற காணொளியாகவோ கொடுத்துவிடலாம். ஊருக்கெல்லாம் போடத்தான் வேண்டும் என்றால், எந்த ஆட்டத்தை, எந்தக் கோணத்தில் என்று டீச்சரும் இரண்டு தாய்மாரும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போடட்டும். பிள்ளை ஆடும் பாட்டு என்ன, அதன் அசைவுகள் அவள் வயதுக்குப் பொருந்துமா என்பதும் அதே மேஜையில் பேச வேண்டியதுதான். பென்டிரைவில் இருந்தால் ஒரு வீட்டோடு போகும். இணையத்தில் போனால் அவள் கல்யாணத்தின்போதும் அங்கேயே இருக்கும்.

கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறவர்களைப் பற்றி எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறீர்கள். எழுதி என்ன செய்ய? எல்லாருக்கும் தெரிந்ததுதான். பின்னால் ஒரு நல்ல கேமரா ஓடுகிறது, எல்லா வீட்டுக்கும் முழுப் படம் வரும் என்று அறிவிப்பாளர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். மீதிப் பாதியைப் பக்கத்து இருக்கைப் பாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள்.

வீடியோவின் கடைசியில் பெயர் போடும் பழக்கமும் நமக்கு வர வேண்டும். பெரும்பாலும் வீடியோக்காரரின் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும்தான் பெரிய எழுத்தில் வருகின்றன. ஆட்டத்தை அமைத்த டீச்சர் யார், பாடியவர் யார், உறுமி அடித்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு? இருபது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு இதில் எதுவுமே தெரியாது.  நம் பென்டிரைவில் 'ஃபைனல் 2' என்றுதானே கோப்புக்குப் பெயர் இருக்கிறது!

இந்தப் பக்கத்தை முடிப்பதற்குள் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1980-களிலும் 90-களிலும் வசதி உள்ள சில குடும்பங்கள் வி.எச்.எஸ். கேமரா வைத்திருந்தன. கல்யாணத்துக்கு வந்தவர் அப்படியே தோட்டத் திருவிழாவையும் எடுத்திருப்பார். பள்ளி ஆசிரியர் ஒருவர் கலைவிழாவை எடுத்திருப்பார். அந்த நாடாக்கள் அலமாரிக்கு மேலே, அட்டைப்பெட்டிக்குள் இன்னும் இருக்கலாம். புக்கிட் ஆசகான், டயமண்ட் ஜூபிலி, கேமெண்டோர், காடேக் என்று எந்தத் தோட்டமானாலும் சரி, உங்களிடம் இருந்தால் நமக்கு ஒரு வரி எழுதுங்கள். நாடாவை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். உரிமையும் உங்களுடையது, நாடாவும் உங்களுடையது. இலக்கப் பிரதி எடுக்கத் தெரிந்த இளைஞர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள், சேர்த்துவைக்கிறோம். பிரதி எடுத்த பிறகு விருப்பமுள்ள குடும்பங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தையும் அணுகலாம். தனியார் சேகரிப்புகளையும் அவர்கள் பெற்றுக்கொள்வது உண்டு.

தோட்டத்தின் பெயர், விழா, ஆண்டு, படத்தில் தெரிகிறவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் ஆகியவற்றை இன்றே ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அப்படி இருந்தால் ஆசைப்பட்டுப் பழைய பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா சிக்கிக் கிழியும், பூஞ்சணம் பிளேயரின் உள்ளேயும் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நாடாவையும் கெடுக்கும். உறையோடு, நட்டக்குத்தலாக, வெயில் படாத காய்ந்த இடத்தில் வைத்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்